சுழியோடிகளின் அமுக்கநீக்க நோய்: கடுமையையும் முடிவையும் முன்னறிதல்

அமுக்கத்தில் உள்ள காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் வேலை செய்த ஒருவர் மேலே வரும்போது, உடலில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகப் பிரிந்து திசுக்களைச் சிதைப்பதே அமுக்கநீக்க நோய். தோள்மூட்டில் வலி எழுந்து இரண்டு நாளில் அடங்கிப்போகும் சுழியோடிக்கும், இடுப்புக்குக் கீழே உணர்வற்று ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்கும் சுழியோடிக்கும் வந்த நோய் ஒன்றுதான். எவர் எந்த வழியில் போவார் என்பதை முதற்சில மணித்தியாலங்களில் சொல்ல முடியுமா, முடிந்தால் எதைக் கொண்டு சொல்வது என்பது நீரடி மருத்துவத்தின் பழைய கேள்வி. சிலிண்டர் கட்டிச் சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்கும் மன்னார்க் கரையில் இந்தக் கேள்விக்குத் தனி அவசரம் உண்டு. இலங்கைக் கடற்படையின் அமுக்க அறை இருப்பது தீவின் மறுகரையில், திருகோணமலையில்.

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்கு நீரிணை தட்டையான, ஆழங்குறைந்த கடல். பெரும்பகுதி பதினைந்து மீற்றரைத் தாண்டுவதில்லை. தெற்கே மன்னார் வளைகுடா கரையை விட்டு விலக விலகச் சரிந்து ஆழமாகிறது. அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே கிடக்கும் முத்துப்பார்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் உள்ளவை. ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர் என்பதால் இது 9 முதல் 18 மீற்றர். நூற்றாண்டுகளாக இந்தப் பார்களில் குளித்தவர்கள் கல்லைப் பிடித்து இறங்கி, மூச்சை அடக்கி, ஒரு நிமிடம் அளவில் சிப்பி பொறுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்துக் காட்டி மேலே வந்தார்கள். 1905ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிக் குளிப்பு பிரித்தானியர் காலத்தின் மிகப் பெரிய முத்துக் குளிப்புகளில் ஒன்று. அங்கே சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிக்கு அரசாங்கமே இடம் கொடுத்திருந்தது. அவர் ஓதாமல் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். அவர்கள் அஞ்சியது சுறாவுக்கு. நைதரசனுக்கு அஞ்ச வேண்டிய தேவை அவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை. மூச்சடக்கி இறங்குபவரின் உடலில் புகக்கூடியது நுரையீரலில் இருந்த ஒரே மூச்சின் வாயு மட்டுமே.

அந்தப் பாதுகாப்பும் வரையறையற்றதல்ல. பசிபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில் முப்பது, நாற்பது மீற்றர் ஆழத்துக்கு மணிக்குப் பல தடவை மூச்சடக்கி இறங்கிய முத்துக் குளிப்பவரிடையே தலைச்சுற்றும் பக்கவாதமும் கண்டதாக 1965இல் பதிவாயிற்று. அங்கே அதற்குத் ‘தரவானா’ என்று பெயர். பத்துப் பாகத்துக்குள் குளித்த மன்னார்க் குளியாள் அந்த எல்லைக்கு உட்புறமே நின்றார்.

சிலிண்டர் இந்தக் கணக்கை மாற்றியது. பத்து மீற்றர் இறங்க இறங்க அமுக்கம் ஒரு பார் கூடுகிறது. பத்துப் பாகத்தில், அதாவது 18 மீற்றரில், சுழியோடி சுவாசிக்கும் காற்று 2.8 பார் அமுக்கத்தில் வருகிறது. அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இரத்தமும் கொழுப்பும் நரம்பும் நைதரசனை உள்வாங்குகின்றன. அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் பயன்படுத்திய அட்டவணைப்படி, இடையில் எங்கும் நிற்காமல் நேரே மேலே வருவதற்கு 12 மீற்றரில் 200 நிமிடம் வரை இடம் உண்டு. 18 மீற்றரில் அது 60 நிமிடம். 30 மீற்றரில் 25 நிமிடந்தான். ஆழம் இரண்டரை மடங்காகும்போது நேரம் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது.

இதை ஒரு படகின் கணக்காக வைத்துப் பார்க்கலாம். 11 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று கிடைக்கும். கையால் தேடி வேலை செய்பவர் நிமிடத்துக்கு 25 லீற்றர் அளவில் சுவாசிப்பார் என்று கொண்டால், 18 மீற்றரில் அது 70 லீற்றராகிறது. சிலிண்டர் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 30 மீற்றரில் நிமிடத்துக்கு 100 லீற்றர், 22 நிமிடம். ஆக, இந்த ஆழங்களில் முதற்சிலிண்டர் தானாகவே எல்லைக்குள் தீர்ந்துபோகிறது. அட்டவணை தெரியாதவரையும் அது காப்பாற்றிவிடுகிறது. ஆபத்து இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் இருக்கிறது. முதல் இறக்கத்தில் ஏறிய நைதரசன் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் வேண்டும். படகில் அரை மணி நேரம் இருந்து வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி இறங்குபவர் பழைய சுமையின் மீது புதிய சுமையை ஏற்றுகிறார். 18 மீற்றரில் மொத்தம் 90 நிமிடம் நின்றவர் 3 மீற்றர் ஆழத்தில் 14 நிமிடம் தரித்து வரவேண்டும் என்கிறது அதே அட்டவணை. அப்படித் தரிக்கக் காற்று மிஞ்சியிருக்காது. ஒரு நாளில் பல சிலிண்டர் இறக்கும் தொழில்முறையே நோயின் முதல் முன்னறிகுறி. ஆழங்குறைந்த இடங்களில் அட்டை அருகிச் சுழியோடிகள் வெளிக்கடலுக்குப் போகும்போது, அதே சிலிண்டர் எண்ணிக்கை இன்னும் கொடிதாகிறது.

நீரடி அட்டவணைகளின் தந்தை எனச் சொல்லத்தக்கவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். குமிழியே நோய்க்குக் காரணம் என்று பிரான்சின் போல் பேர் 1878இல் நிறுவியிருந்தார். ஹோல்டேனும் துணைவர்களும் ஆடுகளை அமுக்க அறையில் வைத்துச் சோதித்து, எந்த வேகத்தில் மேலே வரலாம் என்பதை 1908இல் கணக்காக்கினார்கள். உடலை ஐந்து வகைத் திசுக்களாகப் பிரித்து, 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரையான அரைக்காலங்களில் ஒவ்வொன்றும் நைதரசனை ஏற்று விடுவதாக அவர்கள் கொண்டனர். இன்று சுழியோடிகள் மணிக்கட்டில் கட்டும் கணினிக்குள் ஓடுவதும் அந்தக் கணக்கின் வழிவந்ததே. ஆயினும் இக்கணக்கு சொல்வது ஒரு கூட்டத்தின் ஆபத்தை. ஒரே படகில், ஒரே ஆழத்தில், ஒரே நேரம் நின்ற மூவரில் ஒருவர் மட்டும் காலிழப்பதை அது விளக்காது. அளவை மீறியவர் பலர் நலமாக வீடு செல்வதும், அட்டவணைக்குள் நின்றவர் சிலர் நோயுறுவதும் எல்லா நாடுகளிலும் கண்ட உண்மை. ஆகவே இறக்கத்தின் ஆழமும் நேரமும் சந்தேகத்தின் அளவைக் கூட்டுமே தவிர, முடிவைத் தனித்துச் சொல்லமாட்டா.

குமிழி எங்கே தங்குகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மூட்டிலும் தோலிலும் தங்கினால் வலியும் தடிப்பும். முண்ணாணில் தங்கினால் வாழ்க்கையே மாறிவிடும். முண்ணாணைச் சூழ்ந்துள்ள நாளவலையில் இரத்தம் மெதுவாக ஓடுகிறது. அங்கே குமிழி அடைத்தால் இரத்தம் தேங்கி நரம்பு மூச்சுத்திணறுகிறது. முண்ணாணின் வெண்பொருளில் கொழுப்பு மிகுதி என்பதால் நைதரசனும் அங்கே அதிகம் கரைகிறது. திசுவுக்குள்ளேயே குமிழி பிறக்கவும் கூடும். குமிழி வெறும் அடைப்பாக மட்டும் நிற்பதில்லை. குருதிக்கலத்தின் உட்சுவரைக் காயப்படுத்தி, குருதித்தட்டுகளைத் திரட்டி, உறைவையும் அழற்சியையும் தூண்டுகிறது. குமிழி கரைந்துபோன பின்னும் கேடு தொடர்வதற்கு இதுவே காரணம். அமுக்க அறையில் குமிழியைச் சுருக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற எதிர்பார்ப்பு பல நோயாளரில் பொய்ப்பதும் இதனாலே.

இனி, கரையேறிய பின் தோன்றும் அறிகுறிகள். அமெரிக்கக் கடற்படையின் கையேட்டின்படி, நோயுற்றவர்களில் 42 வீதத்தினருக்கு மேலே வந்து ஒரு மணி நேரத்துக்குள் அறிகுறி தோன்றுகிறது. மூன்று மணி நேரத்துக்குள் 60 வீதம், எட்டு மணி நேரத்துக்குள் 83 வீதம், 24 மணி நேரத்துக்குள் 98 வீதம். பொதுவாகப் பார்த்தால், எவ்வளவு முந்தித் தோன்றுகிறதோ அவ்வளவு கடுமை. படகில் ஏறிய சில நிமிடங்களில் கால் விறைத்தவரையும், இரவு வீட்டில் தோள்வலி கண்டவரையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது.

அறிகுறிகளில் ஒன்று குறிப்பாக ஏமாற்றக்கூடியது. முதுகிலோ வயிற்றைச் சுற்றியோ கச்சை இறுக்கினாற்போல வலி எழும். சிலிண்டர் தூக்கியதால் வந்த பிடிப்பு என்றோ வாய்வு என்றோ சுழியோடியும் தோழரும் அதை ஒதுக்கிவிடுவது எளிது. அந்த வலி சில நேரம் தானாகக் குறையும்; அதன் பின்னாலே கால்கள் தளரத் தொடங்கும். இறக்கம் முடித்த ஒருவருக்கு வரும் கச்சைவலியை, வேறு காரணம் நிறுவப்படும்வரை, முண்ணாண் நோயின் தொடக்கமாகவே எடுக்க வேண்டும். கைகால் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தள்ளாட்டம், இயல்புக்கு மீறிய களைப்பு ஆகியவையும் பின்னால் வருவதற்கு முன்னோடிகளாகலாம்.

எல்லாவற்றிலும் மேலானது சலப்பையின் செய்தி. நீரில் நெடுநேரம் நின்றவரின் உடல் இயல்பாகவே கூடுதலான சலத்தைச் சுரக்கிறது. நீரின் அமுக்கம் கைகால்களின் இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுவதால் சிறுநீரகம் அப்படித் தூண்டப்படுகிறது. கரையேறிய சுழியோடி சிறிது நேரத்திலேயே சலம் கழிக்கத் தேடுவது வழக்கம். அப்படியிருக்க, பல மணி நேரமாகச் சலம் போகவில்லை என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டே விளக்கங்கள்: உடலில் நீர் வற்றியிருக்கிறது, அல்லது சலப்பைக்குப் போகும் நரம்பு செயலிழந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கொப்பூழுக்குக் கீழே அடிவயிற்றில் கைவைத்துப் பார்த்தால், நிறைந்த சலப்பை உருண்டையாகத் தட்டுப்படும். விரலால் தட்டினால் மந்தமான ஒலி எழும். அப்படி நிறைந்திருந்தும் கழிக்க முடியாதவரின் முண்ணாண் பாதிக்கப்பட்டுள்ளது. அவர் முழுமையாக மீள்வது ஐயத்துக்குரியது. வெட்கத்தால் சுழியோடி இதைத் தானாகச் சொல்வதில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அறிகுறிகளை வகுக்கும் முயற்சிகளும் இதே திசையில் நகர்ந்தன. இங்கிலாந்தில் தேம்சுக்கு அடியில் சுரங்கம் தோண்டிய தொழிலாளரை ஆராய்ந்த கோல்டிங்கும் துணைவர்களும் 1960இல் நோயை இரண்டு வகையாக்கினர்: வலியோடும் தோலோடும் நிற்பது முதல் வகை, நரம்பையோ நெஞ்சையோ தாக்குவது இரண்டாம் வகை. நினைவில் வைக்க எளிதான இப்பிரிப்பு இன்னும் வழக்கில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வகைக்குள் விரல்நுனி மரத்தவரும் இரு காலும் இழந்தவரும் ஒன்றாக அடைபடுகிறார்கள். முன்னறிதலுக்கு அது போதவில்லை. பிரான்சில் பூசூஜும் துணைவர்களும் 1996இல் புள்ளி முறை ஒன்றை உருவாக்கினர். அதே நாளில் முன்னர் இறங்கியிருந்தாரா, அமுக்க அறைக்கு வரும்வரை நிலை தேறியதா, மாறாது நின்றதா, மோசமாயிற்றா, உணர்விழப்பு உண்டா, தசைவலு குறைந்ததா, சலப்பை செயற்படுகிறதா என்பவற்றுக்குத் தனித்தனிப் புள்ளி இட்டுக் கூட்டுவது அம்முறை. கூட்டுத்தொகை ஏழைத் தாண்டினால் நிரந்தரக் குறை எஞ்சக்கூடும் என்று அது எச்சரிக்கிறது.

இதன் பயனை 2011இல் வெளியான பல மைய ஆய்வு ஒன்று சோதித்தது. முண்ணாண் பாதித்த 279 பொழுதுபோக்குச் சுழியோடிகளின் பதிவுகளை பிளாத்தோவும் துணைவர்களும் திரட்டிப் பார்த்ததில், ஒரு மாதம் கழிந்தும் 26 வீதத்தினர் முழுமையாக மீளவில்லை. 42 வயதும் அதற்கு மேலும், 39 மீற்றரும் அதற்கு மேலுமான ஆழம், சலப்பைச் செயலிழப்பு, அமுக்க அறைக்கு முன் அறிகுறி நீடித்தல் அல்லது மோசமாதல், பூசூஜ் புள்ளி ஏழுக்கு மேல் போதல் ஆகியவை மீளாமையோடு தனித்தனியே தொடர்புபட்டன. இவற்றுள் மிக வலிய தொடர்பு சலப்பையோடு. எத்தனை மணி நேரத்தில் அமுக்க அறைக்குப் போனார் என்பதும், அங்கே எந்தச் சிகிச்சை அட்டவணை தொடங்கப்பட்டது என்பதும் அந்த ஆய்வில் முடிவைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை.

இந்தக் கடைசி முடிவை மன்னாருக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பாவின் பொழுதுபோக்குச் சுழியோடிகள். அவர்களுக்கு ஆழமானி உண்டு. படகிலேயே ஒட்சிசன் உண்டு. அமுக்க அறை சில மணி நேரத் தொலைவில். அவர்களுக்குள் மூன்று மணி நேரத்துக்கும் ஆறு மணி நேரத்துக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை என்பதால், ஒட்சிசனே இல்லாமல் ஒரு நாள் வீட்டில் கிடந்தவருக்கும் வேறுபாடு இராது என்று ஆகிவிடாது. மன்னாருக்கு நெருங்கிய ஒப்பீடு மத்திய அமெரிக்காவின் கரீபியன் கரையில் கிடைக்கிறது. ஹொண்டூராஸ், நிகரகுவா நாடுகளில் சிங்கிறால் பிடிக்கச் சிலிண்டர் கட்டி இறங்கும் மிஸ்கிட்டோ மக்கள் ஒரு நாளில் பல சிலிண்டர்களை முடிக்கிறார்கள். அவர்களிடையே முண்ணாண் நோய் பெருகிக் கிடக்கிறது. நாட்கணக்கில் தாமதித்து வந்தவர்களிலும் அமுக்க அறைச் சிகிச்சையால் முன்னேற்றம் கண்டிருக்கிறார்கள். தாமதமாகிவிட்டது என்பதால் யாரையும் அனுப்பாமல் விடக்கூடாது என்பது அந்த அனுபவத்தின் பாடம்.

உடற்கேட்டின் முடிவை முதல் நாளிலேயே சொல்லும் முயற்சிக்கு மிகத் தெளிவான உதாரணம், மன்னார் ஒருபோதும் காணாத பனிக்கடியில் இருக்கிறது. கடுங்குளிரில் உறைந்த விரல்களில் எது பிழைக்கும், எது கரிந்து விழும் என்பதை அறிய அறுவை மருத்துவர்கள் முன்னர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பிரான்சின் ஷமோனியில் கோஷியும் துணைவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், விரைந்து சூடேற்றிய பின் நிறமாற்றம் எதுவரை ஏறியிருக்கிறது என்பதை முதல் நாளிலேயே குறித்துக்கொண்டால் போதும் என்று காட்டினார்கள். மாற்றம் விரல்நுனி எலும்போடு நின்றால் எலும்பு வெட்டப்படும் வாய்ப்பு 1 வீதம். நடு எலும்பு வரை ஏறினால் 31. அடி எலும்பு வரை ஏறினால் 67. அங்கை அல்லது பாத எலும்புகளைத் தொட்டால் 98 வீதம். பனிக்கட்டியும் குமிழியும் வேறானாலும், குருதிக்கலச் சுவர் காயமுற்று உறைவு பரவும் வழி இரண்டிலும் ஒத்தது. இரண்டு துறைகளும் வந்துசேர்ந்த இடமும் ஒன்றே: முதல் நாளில் கண்ணாலும் கையாலும் கவனமாகப் பார்த்து எழுதிவைத்தது பெரும் மதிப்புடையது. ஆனால் பனிக்கடியில் கேடு கண்ணுக்குத் தெரியும் தோலில் இருக்கிறது. முண்ணாண் நோயில் அதைக் காலின் வலுவாலும் சலத்தாலும் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது.

கருவிகள் இதற்கு மேல் எவ்வளவு சொல்கின்றன? எம்ஆர்ஐ படத்தில் முண்ணாணில் மாற்றம் தெரிந்தால் மீள்வது கடினம் என்று கொள்ளலாம். தெரியாவிட்டால் தப்பினார் என்று கொள்ள முடியாது. தெளிவான வாதம் உள்ளவர்களிலும் தொடக்கப் படம் இயல்பாக இருப்பதுண்டு. இரத்தம் செறிவடைந்திருப்பதும், உறைவின் சிதைவுப்பொருளான டி-டைமர் உயர்ந்திருப்பதும் எஞ்சும் குறைபாட்டோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறப்பிலிருந்து மூடாத துளை ஒன்று வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உண்டு. அதன் வழியாக நாளக் குமிழிகள் நாடிப்பக்கம் தாண்டி மூளையையும் முண்ணாணையும் உட்காதையையும் அடையக்கூடும். அத்துளை நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வந்த நோயின் முடிவைச் சொல்ல அதிகம் உதவாது. எந்தப் படமும் எந்த இரத்தச் சோதனையும் முதல் மணி நேரங்களில் கரையில் நின்று செய்யும் பரிசோதனையை விஞ்சவில்லை. மன்னாரைப் போன்ற ஓரிடத்துக்கு இது நல்ல செய்தி. முன்னறிவதற்கு வேண்டியது அங்கே ஏற்கனவே இருக்கிறது.

அந்தப் பரிசோதனை எளியது. ஆடும் படகில் நடையைச் சோதிப்பதில் பயனில்லை. இறுகிய தரையில் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்ல வேண்டும். அவ்வாறே கால்களை ஒட்டி நிறுத்தி, கண்களை மூடச் செய்து பார்க்க வேண்டும். இரு கால்களையும் மடக்கி நீட்டி வலுவை ஒப்பிட்டு, பாதத்திலிருந்து மேலே துணியால் தொட்டுச் சென்று எந்த மட்டத்தில் உணர்வு மாறுகிறது என்று குறிக்க வேண்டும். இறங்கிய பாகம், சிலிண்டர்களின் எண்ணிக்கை, கடைசியாக மேலே வந்த நேரம், முதல் அறிகுறியின் நேரம், கடைசியாகச் சலம் போன நேரம் ஆகியவை ஒரு தாளில் ஏறி நோயாளியோடு போக வேண்டும். கால் மணி அல்லது அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தால்தான் தேறுகிறாரா, நிற்கிறாரா, மோசமாகிறாரா என்ற, புள்ளி முறையில் கனதியான கேள்விக்கு விடை கிடைக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறங்கியவரும், அட்டை எடுத்த இடத்தைச் சொல்ல விரும்பாதவரும் ஆழத்தைக் குறைத்துச் சொல்லக்கூடும். கேட்பவர் சட்டத்தோடு தொடர்பற்றவர் என்ற நம்பிக்கை இல்லாமல் உண்மையான ஆழம் வாயிலிருந்து வராது.

முன்னறிந்த பின் செய்ய வேண்டியது, நேரத்தோடு போட்டி. தூய ஒட்சிசன் குமிழியிலிருந்து நைதரசனை வெளியே இழுக்கிறது. பட்டினி கிடக்கும் நரம்புக்கு உணவும் ஆகிறது. மன்னாரிலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 175 கிலோமீற்றர். தாமதமின்றிப் போனாலும் மூன்று மணி நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 15 லீற்றர் என்று கொடுத்தால் 2,700 லீற்றர் ஒட்சிசன் வேண்டும். 680 லீற்றர் கொள்ளும் கைச்சிலிண்டர் ஒன்று முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நான்கு சிலிண்டர்கள் வண்டியில் ஏறினால்தான் பாதிவழியில் ஒட்சிசன் நிற்காது. கடலிலிருந்து கரைக்கு வரும் நேரம் இதற்குப் புறம்பு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் ஓடுகிறது. அதை அழைக்கும்போதே ‘சுழியோடி’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் ஏற்பாடு வேறாகும். இந்தப் பாதை முழுவதும் தாழ்நிலம், ஏற்றமில்லை. உயரம் ஏறினால் வெளியமுக்கம் குறைந்து குமிழி பெரிதாகும் என்பதால் கண்டி போன்ற மலைவழியைத் தவிர்க்க வேண்டும். உலங்குவானூர்தியில் கொண்டுபோனால் 300 மீற்றருக்குக் கீழே பறக்க வேண்டும்.

வழியில் நோயாளி தேறிவிடுவதும் உண்டு. ஒட்சிசன் கொடுத்ததும் விறைப்பு நீங்கிக் கால் எழும்; உடனே வீட்டுக்குத் திரும்பிவிடத் தோன்றும். ஒட்சிசனை நிறுத்திய பின் நோய் மீண்டு வருவது நன்கு அறியப்பட்டது. அப்படி வந்த மறுதாக்கம் முதலாவதை விடக் கடுமையாகவும் இருக்கலாம். இதைப் போன்றதே மறுபடி கடலில் இறங்கி வலியைப் போக்கும் வழக்கம். உலகெங்கும் மீன்பிடிச் சுழியோடிகளிடம் அது உண்டு. ஆழத்தில் குமிழி சுருங்குவதால் சுகம் கிடைப்பது உண்மை. சிலிண்டர்க் காற்றோடு இறங்கினால் அந்தச் சுகத்தின் விலையாக இன்னும் நைதரசன் ஏறுகிறது. கால் தளர்ந்தவர் நீருக்குள் மயங்கினால் மூழ்கியே போவார்.

அமுக்க அறையில் வழக்கமான சிகிச்சை, 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான 2.8 வளிமண்டல அமுக்கத்தில் தொடங்கி ஒட்சிசன் சுவாசிக்க வைத்து, 4 மணி 45 நிமிடத்தில் முடிவது. முதற்சிகிச்சையிலேயே முழுதும் தேறியவருக்குப் பின்னாள் நல்லதாகவே அமையும். ஓரளவு தேறியவருக்கு நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்து, அடுத்தடுத்த சிகிச்சைகளில் மாற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்துவார்கள். பல நாள் சிகிச்சையின் பின்னும் சலப்பை மீளாமல், காலில் விறைப்பும் துடிப்பும் கூடிவந்தால் நரம்பு நிரந்தரமாக இழக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவருக்கு இலங்கையில் நெடுநாள் மறுவாழ்வுக்குக் கைகொடுக்கும் இடம் றாகமை மறுவாழ்வு வைத்தியசாலை. படுக்கைப்புண்ணும் சலத்தொற்றும் ஒருவர் உயிரைப் பறிக்காமல் பார்க்கும் நாளாந்தப் பராமரிப்பு, அதன் பின் வீட்டாரின் கையில்.

முண்ணாணைத் தவிர்ந்த வடிவங்களில் முன்னறிதல் சுருக்கமாகச் சொல்லிவிடத்தக்கது. மூச்சை அடக்கிக்கொண்டு விரைவாக மேலே வருபவரின் நுரையீரல் வெடித்து, காற்று நேரே நாடிக்குள் புகுந்தால், வெளியே தலை காட்டிய பத்து நிமிடத்துக்குள் மயக்கமோ ஒருபக்க வாதமோ வரும். விரைந்து சுயநினைவு திரும்புபவர் பெரும்பாலும் நன்றாகத் தேறுவார். திரும்பாதவரின் நிலை கவலைக்குரியது. நுரையீரல் நாளங்களைக் குமிழிகள் நிறைத்து மூச்சுத்திணறலும் உலர் இருமலும் எழுந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். உட்காது தாக்கப்பட்டுச் சுழற்றலும் வாந்தியும் வந்தவர் நடக்கத் தொடங்கிவிடுவார். மூளை மற்றக் காதால் ஈடுசெய்துகொள்வதே பெரும்பாலும் அதற்குக் காரணம், பழுதான காது முழுமையாக மீள்வது குறைவு. பளிங்கில் நரம்போடினாற்போல் தோலில் நீலமும் சிவப்புமாகப் படரும் தடம் தானே மறையும். அதைக் கண்டவர் இதயத்துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நோய் தந்த மருட்சி நீங்கிய பின்னும் ஒரு வடிவம் அமைதியாக வளர்கிறது. பல ஆண்டு சிலிண்டரில் உழைத்தவர்களின் தோள், இடுப்பு எலும்புகளின் தலைப்பகுதிக்கு இரத்தம் குறைந்து எலும்புத்திசு இறக்கிறது. வலி வர மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். வரும்போது மூட்டு இடிந்திருக்கும். எக்ஸ்-றேயில் முன்பே தெரியக்கூடிய இதற்கு, ஆண்டுக்கொருமுறை தோளையும் இடுப்பையும் படமெடுப்பதே முன்னறிதல். முற்றாகத் தேறியதாகத் தோன்றும் சுழியோடி மீண்டும் கடலுக்குப் போவதைப் பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். முண்ணாண் நோயிலிருந்து வெளித்தோற்றத்தில் மீண்டவர் வேறு காரணத்தால் இறந்த பின் நடந்த பரிசோதனையில், நரம்புத்தண்டில் பரந்த சிதைவு கண்ட சந்தர்ப்பம் மருத்துவப் பதிவில் உண்டு. நடை திரும்பியது எஞ்சிய நரம்புகள் பளுவைப் பகிர்ந்துகொண்டதால். அவருக்கு இரண்டாவது தாக்குதல் வந்தால் பகிர்ந்துகொள்ள மிச்சம் இராது. மூட்டுவலியோடு நின்றவர் சில வாரங்கள் ஓய்ந்த பின் வைத்தியரின் பரிசோதனையோடு இறங்கலாம். நரம்பில் ஏதேனும் குறை எஞ்சியவர் இனிச் சிலிண்டர் கட்டலாகாது. படகை ஓட்டுவதும், சிலிண்டர் நிரப்புவதும், மேலே நின்று நேரத்தைக் கணக்கெடுப்பதுமே அவருக்கு ஏற்ற தொழில்.